வெள்ளைப் பொத்தைச் சுற்று

சங்கரசுப்புவுக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர் துரைப்பாண்டி, "உம்ம காலைத் தையல் மிஷின்ல கட்டிவிட்டா தீபாவளிக்குள்ள ஊருக்கே சட்டை தைச்சிரலாம்வே" என்று கேலி செய்வார். முன்பெல்லாம் அது வெறும் பழக்கம்தான். பிரமு போன பிறகு அப்படி இல்லை. உடம்புக்குள் எதுவோ ஒன்று எழுந்து ஓடப் பார்க்கிறது, காலுக்கு மட்டும்தான் அது தெரிகிறது என்று அவருக்கே தோன்றும்.

பிரமு என்கிற பிரமநாயகி அவர்களுடைய ஒரே மகள். ஏழாம் வகுப்பு படித்தாள். மூளைக்காய்ச்சல் கண்டு, சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு டாக்ஸி வைத்துக் கொண்டுபோனார்கள். அம்மா மடியில் தலைவைத்துப் போன பிள்ளை அதே டாக்ஸியில், அதே மடியில், அதே ரோட்டில் திரும்பி வந்தது. போகும்போது "இன்னும் கொஞ்சம்தான் மக்கா" என்று சொல்லிக் காட்டிய பாலமும் மரமும் மைல் கல்லும் திரும்பும்போது பின்னாலிருந்து முன்னாக ஒவ்வொன்றாக வந்தன. ஆவுடையம்மாள் எதையும் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் போன வழியே திரும்பி வருவதில்லை. அப்படி ஒரு சபதம் எடுத்ததாக யாரிடமும் சொல்லவில்லை. சங்கரசுப்பு கவனித்துத்தான் தெரிந்துகொண்டார். கடைவீதிக்கு ரத வீதி வழியாகப் போனால் திரும்புவது சந்துக்குள் புகுந்து. மாவு மில்லுக்குப் போனால் வருவது குளத்தங்கரையைச் சுற்றி. வேறு வழி இல்லாத இடத்துக்கு அவள் போகிறதே இல்லை. திருநெல்வேலியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகப் போகவில்லை. உலகத்தில் வேறு வழி இல்லாத இடங்கள்தான் அதிகம். மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளேயே இருக்க ஆரம்பித்தாள்.

கோயிலுக்குப் போவதும் நின்றுபோயிற்று. கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கும் ஆடி மாதத்தில், பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் அம்மனுடைய கால்வலியைத் தங்கள் காலில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஆவுடையம்மாள் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ஆடிச்சுற்றையும் விட்டதில்லை. பிரமுவும் நடக்கத் தெரிந்த நாள்முதல் கூடவே ஓடுவாள். சென்ற ஆடியில் வெளியூர்க் கூட்டமெல்லாம் வாசலைத் தாண்டிக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஆவுடையம்மாள் அடுக்களையில் உட்கார்ந்து ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் அவளுக்கு மூச்சு முட்டியது. டாக்டர் பார்த்துவிட்டு, நெஞ்சு கொஞ்சம் பலவீனப்பட்டிருக்கிறது, ஆனால் நோய் அதுவல்ல, இப்படியே உட்கார்ந்திருந்தால் நிஜமாகவே படுத்துவிடுவார்கள் என்றார். நடக்க வேண்டும். தெருக்கோடிவரை போய்வந்தால் பற்றாது. மலை ஏறவும் கூடாது. கொஞ்சம் ஏற்றம், கொஞ்சம் இறக்கம், மூச்சு வாங்கலாம், நெஞ்சை அடைக்கக் கூடாது. வாரத்தில் ஒருநாளாவது காலையில் கிளம்பிச் சாயங்காலம்வரை திறந்தவெளியில் இருந்து களைத்துப்போய் வந்து தூங்கட்டும் என்றார்.

ஆவுடையம்மாள் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டும். "போறது ஒரு வழி, வாறது ஒரு வழியா இருந்தாப் போவேன்" என்று மட்டும் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "கோயில் குளம் எதுவும் நடுவுல இருந்தா இடம் சுத்த மாட்டேன்" என்றாள். சுவாமியை இடது கைப் பக்கம் விட்டுச் சுற்றுவது சாவுக்காரியங்களுக்கு உரியது. பிரமுவுக்காக அதைச் சுற்றி முடித்த வீடு அது.

அன்றுமுதல் சங்கரசுப்புவுக்கு ஒரு வேலை கிடைத்தது.

சங்கரன்கோவிலைச் சுற்றிலும் கரிசல் சமவெளி. புளியங்குடி ரோட்டில் பாதித் தூரம் போய் இறங்கினால் வடக்கே சில பொத்தைகள் தெரியும். மலை என்று சொல்ல முடியாத குன்றுகள். சுண்ணாம்புக்கல் வெளேரென்று வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மழைநீர் அரித்து அரித்து அந்தக் கல்லுக்கு அரிவாள்போல் விளிம்பு வைத்திருக்கும். இடையிடையே ஆடு மேய்க்கிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள். அங்கே பிரமு ஒருநாளும் வந்ததில்லை. அதனாலேயே அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனியாகப் போய்ச் சுற்றிப் பார்த்தார். முதலில் பெரிய பொத்தையைச் சுற்றினார். மேற்குப் பக்கம் முழுக்க அழகான பாதை; கிழக்கே திரும்பியதும் சறுக்குப் பாறை. கையை ஊன்றித்தான் இறங்க வேண்டியிருந்தது, ஆவுடைக்கு ஆகாது. அடுத்த வாரம் ஓடையை ஒட்டிய வழி. ஏற்றமே இல்லை, நிழல் உண்டு, தண்ணீர் இருக்கும் என்று நினைத்தார். அந்த ஓடை பாதி தூரம் சலசலவென்று கூட வந்துவிட்டுச் சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு பொந்தில் இறங்கிக் காணாமல் போயிற்று. அதற்கப்புறம் உடைமுள்தான். வேட்டி கிழிந்து வந்து சேர்ந்தார்.

மூன்றாவதாகக் கண்டுபிடித்தது நல்ல வழி. வெள்ளைப் பொத்தை, கோயில் பொத்தை என்று இரண்டு அருகருகே இருந்தன. கோயில் பொத்தையின் உச்சியில் சின்னதாக ஒரு சாஸ்தா கோயில். இரண்டையும் சேர்த்து வளைத்துவரும் பாதையில் ஏறுவது தெரியாமல் ஏறலாம், இறங்குவது தெரியாமல் இறங்கலாம். ஆனால் அப்படிச் சுகமாக நடந்தால் சாஸ்தா இடது கைப் பக்கம் வந்துவிடுகிறார். வலமாகச் சுற்றலாம் என்றால் எடுத்த எடுப்பிலேயே செங்குத்து ஏற்றம். முழங்காலில் கைவைத்து நின்றபோது அவருக்கு அழுகை வந்தது. சாமிக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு மனுஷன் எந்தப் பக்கம்தான் போவான்?

திங்கட்கிழமை துரைப்பாண்டியிடம் இதைச் சொன்னார். துரைப்பாண்டியின் மாமனார் ஊர் அந்தப் பக்கம்தான். அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மேஜைமேல் ஒரு மைக்கூட்டையும் கோந்துப் புட்டியையும் வைத்தார்.

"கோந்துப் புட்டி வெள்ளைப் பொத்தை. மைக்கூடு சாஸ்தா. ரெண்டையும் சேத்து எதுக்குவே வளைக்கீரு? வெள்ளைப் பொத்தைய மட்டும் சுத்தி, நடுவுல உள்ள கணவாய்க்கூடி வாரும். சாஸ்தாவத் தாண்டும்போது அவரு உமக்கு வலது கைப் பக்கம்தான்."

சங்கரசுப்பு மேஜையின் மேல் விரலால் நடந்து பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"வெள்ளைப் பொத்தைய இடம் சுத்துற மாதிரி ஆகுதே?"

"அதுல என்ன இருக்கு, சுண்ணாம்புதான இருக்கு. அது வெத்தலையில சேரும், கோவிச்சுக்கிடாது" என்றார் துரைப்பாண்டி.

தை பிறந்து முதல் ஞாயிறு புளியங்குடி பஸ்ஸில் ஏறினார்கள். புளிச்சோறும் தண்ணீர்ச் செம்பும் அவர் பையில். அவள் அழுத்தமான தோல் செருப்பு போட்டிருந்தாள். டீக்கடை முன்னால் இறங்கி நடக்க ஆரம்பித்தபோது அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "இங்கனதான் திரும்ப வருவோமா?"

"இங்கனதான். ஆனா அந்தப் பக்கமா வருவோம்" என்று கணவாயைக் காட்டினார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அவர் முன்னால் போய்க் கல்லைத் தள்ளிவிடுவார், பின்னால் வந்து அவள் மூச்சைக் கேட்பார், மறுபடி முன்னால் ஓடுவார். வெள்ளைப் பொத்தையின் அடியில் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற சூளை, காளவாசல் ஒன்று. அன்று புகை இல்லை. அதற்குச் சற்று இப்பால், சாக்கைக் கம்பில் கட்டிய நிழலில் நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி சம்மட்டியால் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் சம்மட்டியை நிறுத்தி, காணாமல் போன ஆட்டைத் தேடுகிறீர்களா என்று கேட்டாள். சும்மா நடக்க வந்தோம் என்று சங்கரசுப்பு சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. வேலையில்லாமல் பொத்தையைச் சுற்றுகிற ஆட்களை அவள் பார்த்ததில்லை.

அவளைத் தாண்டிப் பத்தடி போகவில்லை, ஒரு கல்விளிம்பு ஆவுடையம்மாளின் செருப்பில் ஏறியது. ஊக்கு குத்திச் சமாளிக்க முடியாதபடி வார் அடித்தோலோடு பிய்ந்துவிட்டது. சங்கரசுப்பு தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். அது அவளுக்குப் படகுபோல் இருந்தது, இரண்டடியில் தடுக்கினாள். அவருக்கு வியர்த்துவிட்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்து கண்டுபிடித்த சுற்று ஆரம்பத்திலேயே அறுகிறது. இனிமேல் திரும்பலாம் என்றால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

கல் உடைக்கிறவள் எழுந்து வந்தாள். தன் காலிலிருந்த டயர் செருப்பைக் கழற்றிக் கையிலெடுத்துப் புழுதியைத் தட்டினாள். வலது செருப்பின் வாரில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. நீட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினாள்.

"நான் போட்ட செருப்பு. போட்டுக்கிடுவியளோ என்னமோ."

ஆவுடையம்மாள் அதை வாங்கிக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். அளவெடுத்த மாதிரி இருந்தது. கொடுத்தவள் பெயர் மாரித்தாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எங்கே திருப்பிக் கொடுப்பது என்றதற்கு, ரோட்டோரத்து டீக்கடையில் போட்டுவிட்டுப் போனால் போதும், நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். உனக்கு என்ன செய்வாய் என்று ஆவுடையம்மாள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் சங்கரசுப்பு, "டீக்கடையில கண்டிப்பாக் குடுத்துருதோம்மா" என்று முடித்துவைத்துவிட்டு முன்னால் நடந்தார். சுற்று அறுந்துபோகாமல் பிழைத்ததே அவருக்குப் பெரிதாக இருந்தது.

பாதை நன்றாகத்தான் இருந்தது. அவர் கணக்குப் போட்டபடியே அவளுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சை அடைக்கவில்லை. பொத்தையின் பின்புறத்தில் ஒரு வேப்பமரம் உண்டு. அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தார். மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. அவள் இரண்டு கை புளிச்சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். அவர் சாப்பிடும்போதே அடுத்த வாரம் எந்தப் பொத்தை என்று யோசித்துக்கொண்டிருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது காளவாசல் பக்கமிருந்து பழைய சுண்ணாம்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் மூக்காண்டி மரநிழலில் மாட்டை நிறுத்திப் பீடி பற்றவைத்தார். அவர் கண் ஆவுடையம்மாளின் காலில் போய் நின்றது.

"இது மாரித்தா செருப்புல்லா?" என்றார்.

சங்கரசுப்பு நடந்ததைச் சொன்னார். மூக்காண்டி சிரித்தார். சரியான ஆளிடம் வாங்கினீர்கள், இன்றைக்கு மத்தியானம் காளவாசல் எடுப்பு, அவள்தானே உள்ளே இறங்குவாள் என்றார். வெந்த சுண்ணாம்பை வாரிக் கூடையில் போட வேண்டும். வியர்வைத் துளி விழுந்தாலே அது கொதிக்கும். வெறுங்காலோடா என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"சாக்கைச் சுத்திக்கிட்டு இறங்குவா. போன எடுப்புக்கு அப்படி இறங்கித்தான் ஒருத்திக்குக் குதிகால் வெந்துபோச்சு. அதுக்கப்புறம்தான் இவ இந்தச் செருப்பு வாங்கினா." பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு புளியங்குடி பக்கம் போய்விட்டார்.

ஆவுடையம்மாள் கையைக் கழுவினாள். எழுந்தாள். சங்கரசுப்புவும் எழுந்தார். இந்த இடத்திலிருந்து சுற்றை முடித்துக் கணவாய் வழியாக ரோட்டுக்குப் போய், அங்கிருந்து காளவாசலுக்கு வர நெடுநேரம் ஆகும். வந்த வழி கிட்டம். அது இருவருக்கும் தெரிந்தது. அவர் அவசர அவசரமாகப் பேசினார்: அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் இங்கேயே மரத்தடியில் இருக்கட்டும், டயர் செருப்பை அவர் கொண்டு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்துவிடுகிறார், பிறகு இருவரும் கணவாய் வழியாகவே போகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

"உங்ககிட்டயா குடுத்தா? எங்கிட்டல்லா குடுத்தா" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஆவுடை, வந்த வழியேல்ல போகணும்."

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை மாதமாக அவர்கள் இருவரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது.

அவள் பாதையைப் பார்த்தாள். வரும்போது முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்த கல்லும் புதரும் இப்போது எதிரே நின்றன.

"தெரியும்" என்றாள். நடக்க ஆரம்பித்தாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். இந்த முறை அவரால் முன்னால் போக முடியவில்லை. அவள் நடை அப்படி இருந்தது. மெல்ல, மெல்ல என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு திருப்பத்தில் அவள் கை நெஞ்சுக்குப் போனது. அவருக்கு உயிரே போய்விட்டது. அவள் ஒரு பாறையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். கண் மட்டும் பாதையிலேயே இருந்தது. அவர் சாஸ்தாவைக் கூப்பிட்டார், கோமதி அம்மனைக் கூப்பிட்டார். அந்தக் கிழிந்த செருப்போடு அப்போதே திரும்பிப் போய் அதைத் தைத்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா, சுற்று சுற்று என்று ஒரு மனுஷியின் காலை மறந்துபோனேனே என்று தன்னையே நொந்துகொண்டார். அவள் மறுபடி நடந்தாள்.

காளவாசல் வாயில் திறந்திருந்தது. மாரித்தாய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, காலில் கோணிச்சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கால் கட்டி முடிந்திருந்தது. ஆவுடையம்மாள் அவள் எதிரில் போய் நின்று செருப்பைக் கழற்றினாள். பேச மூச்சு வரவில்லை.

மாரித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் இரைக்க இரைக்க வந்த சங்கரசுப்புவையும் பார்த்தாள்.

"அட, ஒரு டயர் செருப்புக்கு ரெண்டு பேரு காவலா வந்திருக்கியளே. டீக்கடையில போடச் சொன்னமுல்லா?"

"இறங்கப் போறன்னு சொல்லலியே நீ" என்றாள் ஆவுடையம்மாள், மூச்சுக்கு நடுவில். குரலில் கோபம் இருந்தது. அந்தக் குரலில் கோபத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சங்கரசுப்பு நினைத்தார்.

மாரித்தாய் நகர்ந்து கல்லில் இடம் விட்டாள். தன் மண்பானையைச் சாய்த்துத் தண்ணீர் கொடுத்தாள். ஆவுடையம்மாள் அண்ணாந்து குடித்துவிட்டு உட்கார்ந்தாள். சாக்கை அவிழ்த்துச் செருப்பை மாட்டியபடியே, பெண்கள் பெண்களைக் கேட்கும் அந்தக் கேள்வியை மாரித்தாய் கேட்டாள். பிள்ளைகள் எத்தனை?

சங்கரசுப்பு இடையில் விழப் போனார். ஒரு வருஷமாக அந்தக் கேள்வி வரும் இடத்திலெல்லாம் அவர்தான் குறுக்கே விழுந்து பேச்சை மாற்றிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு" என்றாள் ஆவுடையம்மாள். "போயிட்டா."

மாரித்தாயின் கை செருப்பு வாரில் அப்படியே நின்றது. ஐயோ பாவமே என்று சொல்லவில்லை. சாமி சித்தம் என்றும் சொல்லவில்லை.

"பேரு என்ன?"

"பிரமநாயகி."

"பிரமநாயகி" என்று மாரித்தாய் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேரு."

பிறகு எழுந்து, கூடையைத் தலைகீழாகத் தட்டி எடுத்துக்கொண்டு, காளவாசல் வாயில் குனிந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து வெப்பம் வந்து முகத்தில் அடித்தது. ஆவுடையம்மாள் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வந்துகொண்டே இருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. சங்கரசுப்பு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எழுந்து எதையாவது செய்ய வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், வழி பார்க்க வேண்டும் என்றெல்லாம் தோன்றியது. எதுவும் செய்யாமல் இருந்தார். அவள் அழும்போது அவர் அருகில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவள் அழுதபோதெல்லாம் அவர் எங்காவது போயிருந்தார். இந்தப் பொத்தைகளுக்குத்தான் கடைசியாகப் போனார்.

சூரியன் இறங்கத் தொடங்கியபோது அவர் தன் செருப்பைக் கழற்றி அவள் முன் வைத்தார். பெரிதாகத்தான் இருக்கிறது, மெதுவாகப் போவோம் என்று அவள் சொன்னாள். கணவாய் இங்கிருந்து தெரியவில்லை. கோயில் பொத்தையின் உச்சி மட்டும் தெரிந்தது. அவள் அந்தத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அவரை இன்னொரு நாள் பாத்துக்கிடுவோம். அவரு எங்க போயிறப் போறாரு."

வந்த வழியே ரோட்டுக்கு நடந்தார்கள். சங்கரசுப்புவின் வெறுங்காலில் கல்விளிம்புகள் ஏறின. வலித்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் தினமும் மிதிக்கிற கல்தான் இது என்று நினைத்துக்கொண்டு நடந்தார். பிறர் காலில் உள்ள வலியைக் கொஞ்சம் நம் காலில் வாங்கிக்கொள்ள முடியும் என்பதைப் பிராகாரத்தில்தான் கற்க வேண்டும் என்றில்லை. அம்மன் எங்கேயும் ஒற்றைக்காலில் நிற்பாள் போலிருக்கிறது. சுற்றுகிறவர்கள்தான் பார்த்துச் சுற்ற வேண்டும்.

டீக்கடையில் நின்று இருவரும் டீ குடித்தார்கள். சங்கரன்கோவில் பஸ் வந்தது; இடமும் கிடைத்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வார ஞாயித்துக்கிழமை காலையில பஸ் இருக்கா?"

"இதே பஸ்தான். ஆனா அடுத்த வாரம் பெரிய பொத்தைப் பக்கமா வேற ஒரு வழி…"

"திருநெல்வேலிக்குக் கேக்கேன்" என்றாள். "அக்காவப் பாத்து எவ்வளவு நாளாச்சு. காலையில போயிட்டுச் சாயந்தரம் வந்துருவோம்."

அந்த ஊருக்குப் போகவும் வரவும் ஒரே ரோடுதான். அவர் அதைச் சொல்லவில்லை. இருக்கு, வண்டி நிறைய இருக்கு என்றார்.

சற்று நேரம் கழித்துத்தான் கீழே குனிந்து பார்த்தார். சுண்ணாம்பு படிந்து வெளுத்து, அங்கங்கே கீறிச் சிவந்து, இரண்டு காலும் பஸ் தரையில் அசையாமல் இருந்தன.